டிரெய்லர் லாரி: எந்த ஆக்சிலுக்கு எந்த டயர்? வாசகர் கேள்வி பதில்

டிரெய்லர் டயர் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே மாதிரி கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். ஊர் பெயர் மட்டும் கொடுத்திருக்கிறோம்.

18 சக்கர டிரெய்லர், 45.5 டன் பாஸிங் (சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை). செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முந்தைய ஓனர் எல்லா இடத்திலும் 10.00-20, 16 பிளை போட்டிருந்தார். நானும் அதையே தொடர்கிறேன். டிரெய்லர் டயரில் குறை இல்லை. ஹெட்டின் (முன்னால் இழுக்கும் லாரி) ஹவுசிங்கில் (அதன் பின் ஆக்சில்) மட்டும் உள் டயர் அடிக்கடி போகிறது. எந்த கம்பெனி டயர் போட்டால் தாங்கும்? (சங்ககிரி)

கம்பெனியை அப்புறம் பார்ப்போம். முதலில் டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்ணைப் படியுங்கள். 146/143 கே என்பது போல ஏதாவது இருக்கும். கோட்டுக்கு முன்னால் இருப்பது அந்த டயர் ஒற்றையாக ஓடும்போது தாங்கும் எடைக்கான குறியீடு, பின்னால் இருப்பது ஜோடியாக ஓடும்போது. எழுத்து, வேகம்: ஜே என்றால் மணிக்கு 100 கி.மீ., கே 110, எல் 120. எடைக் குறியீட்டில் நமக்கு வேண்டியவை இவ்வளவுதான்: 143 என்றால் 2,725 கிலோ, 145 என்றால் 2,900, 146 என்றால் 3,000, 148 என்றால் 3,150, 149 என்றால் 3,250, 152 என்றால் 3,550.

இப்போது கணக்கு. 2018-ல் மத்திய அரசு ஆக்சில் எடையை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. டிரெய்லரின் மூன்று ஆக்சிலுக்கு 24-லிருந்து 27 டன். உங்கள் 45.5 டன் என்பது முன்னால் 7, ஹவுசிங்கில் 11.5, டிரெய்லரில் 27. இதை டயருக்கு டயர் பிரித்தால், முன் டயர் ஒவ்வொன்றின் மேலும் 3,500 கிலோ, ஹவுசிங்கில் 2,875, டிரெய்லரில் 2,250.

உங்கள் டயரில் ஜோடி எண் 143 என்றால், அது 2,725 கிலோதான் தாங்கும். நான்குக்கும் சேர்த்து 10,900. சட்டப்படி நீங்கள் ஏற்றும் 11,500-க்கே 600 கிலோ குறைகிறது. பழைய 10.2 டன் காலத்தில் இதே டயர் தாராளமாகப் போதும். பழக்கத்தில் இன்றும் அதையே வாங்குகிறவர்கள் அதிகம். டிரெய்லரில் 2,250 தான் என்பதால் அங்கே அதே டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. உள் டயர் முதலில் போவதற்குக் காரணம், அதற்குக் காற்றோட்டம் கிடையாது, பிரேக் டிரம்மின் சூடு பக்கத்திலேயே இருக்கிறது, காற்றுப் பார்ப்பவரும் பெரும்பாலும் வெளி டயரோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஹவுசிங்குக்கு ஜோடி எண் 145-க்குக் குறையக் கூடாது. 148 எடுத்தால் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதைத்தான் சிபாரிசு செய்வோம். முன்னால் ஒற்றை எண் 152 வேண்டும். 295/80ஆர்22.5 டியூப்லெஸ்ஸில் 152/148 சாதாரணமாகக் கிடைக்கும். 20 அங்குல ரேடியலில் 146/143, 149/146 என்று ஒரே சைஸுக்குள்ளேயே வேறு வேறு எண்களில் வருகின்றன, ஆகவே கடைக்காரர் சொல்லும் "பதினாறு பிளை", "பதினெட்டு பிளை" என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சுவரில் அச்சாகியிருப்பதே கணக்கு.

இன்னொன்று. அந்த எடை, அதே வரியில் எழுதியிருக்கும் காற்று இருந்தால்தான். 152/148 டயரில் 3,550 கிலோவுக்கு எதிரே 850 கேபிஏ, அதாவது சுமார் 123 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கும். அதில் 95 வைத்து ஓட்டினால் 152 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

டயர் வாங்கும் முன் ஒரு தடவை முழு லோடோடு எடை மேடைக்குப் போய், முன் சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, ஹெட் முழுவதும் ஏற்றி ஒரு சீட்டு, டிரெய்லர் ஆக்சில்கள் மட்டும் ஏற்றி ஒரு சீட்டு எடுங்கள். இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் ஹவுசிங் எடை. மொத்த எடை சரியாக இருந்தும், லோடாக ஏற்றிய இரும்புச் சுருளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்ததால் ஹவுசிங் 13 டன்னுக்குப் போவது உண்டு. அப்படியென்றால் டயரில் காசு போட்டுப் பயனில்லை, சுருள் உட்காரும் இடத்தை மாற்றுங்கள்.

மூன்று ஆக்சில் டிரெய்லரில் கடைசி ஆக்சில் டயர் மட்டும் சீக்கிரம் தேய்கிறது. தேய்மானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ரோடு டெஸ்ட்டில் ஒன்றும் தெரியவில்லை. (தூத்துக்குடி)

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, டிரெய்லரின் இயல்பு. மூன்று ஆக்சிலும் திரும்பாதவை. வண்டி வளையும்போது ஏறத்தாழ நடு ஆக்சிலை மையமாக வைத்துத் திரும்ப, முதலாவதும் கடைசியும் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகும். துறைமுக யார்டில் கண்டெய்னருக்காக முன்னும் பின்னும் ஒடித்து ஒடித்து நிறுத்துகிற வண்டிக்கு இது இன்னும் அதிகம். லோடோடு கான்கிரீட் தரையில் முழு ஒடிப்பு ஒடிக்கும்போது கடைசி ஆக்சில் டயரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சுவர் ஒரு பக்கம் பிதுங்கும், பட்டன் (டயரின் தரை தொடும் ரப்பர்) தரையில் அரைபடும், கறுப்புப் பொடி உதிர்ந்து கிடக்கும். இதை அறவே நிறுத்த முடியாது. இடம் இருந்தால் வளைவை அகலமாக எடுப்பதும், மூன்று ஆக்சில் டயரையும் இடம் மாற்றிக்கொண்டே வருவதும்தான் வழி. நடு ஆக்சில் டயர் கடைசிக்கும், கடைசி டயர் நடுவுக்கும் போகட்டும்.

டிரெய்லருக்கு லக் டயர் போடுகிறவர்களும் இங்கேதான் நஷ்டப்படுகிறார்கள். டிரெய்லர் சக்கரம் இழுப்பதில்லை, உருளத்தான் செய்கிறது. ஆழமான லக் கட்டைகள் பக்கவாட்டுத் தேய்ப்பில் ஒவ்வொன்றாகச் சாய்ந்து அறுபடும். தொடர்ச்சியான கோடுகள் உள்ள ரிப், அதிலும் பட்டன் ஆழம் குறைவாகத் தோள் கெட்டியாக உள்ளது, டிரெய்லருக்குப் பொருத்தம். குவாரிக்குள் போய் வரும் டிரெய்லர் மட்டும் விதிவிலக்கு.

இரண்டாவது விஷயம், நீங்கள் சொல்லும் ஒரு பக்கச் சாய்வு. உள்ளங்கையை டயர் மேல் குறுக்காக ஒரு தடவை இடமிருந்து வலம், ஒரு தடவை வலமிருந்து இடம் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால் ஆக்சில் நேராக நிற்கவில்லை. இதை லேத் பட்டறைக்குப் போகாமலே அளக்கலாம். வண்டி காலியாக, சமதளத்தில், பத்து மீட்டராவது நேராக இழுத்து வந்து நிற்கட்டும். ஹெட்டைக் கழற்றுங்கள். கிங்பின் (டிரெய்லரை ஹெட்டோடு இணைக்கும் முளை) நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். முதல் ஆக்சிலின் இரண்டு முனையிலிருந்தும் அதேபோல் புள்ளி. இரும்பு டேப்பால் கிங்பின் புள்ளியிலிருந்து இரு முனைக்கும் அளந்தால் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அடுத்து முதல் ஆக்சிலிலிருந்து இரண்டாவது, இரண்டிலிருந்து மூன்றாவது. அங்கே இரு பக்க வித்தியாசம் 1.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

இத்தனூண்டு மில்லிமீட்டரா என்று தோன்றும். இரண்டு மீட்டர் அகலத்தில் 6 மி.மீ. கோணல் என்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அந்த ஆக்சிலின் நான்கு டயரும் மூன்று மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகின்றன. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு 600 கி.மீ. என்று வைத்தால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கோணல் வந்த காரணத்தைச் சரிசெய்யாமல் அலைன்மெண்ட் மட்டும் செய்தால் ஒரு மாதத்தில் திரும்ப வரும். ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்கும் யு போல்ட் தளர்ச்சி, ரேடியஸ் ராடு புஷ் தேய்மானம், நடுவில் இருக்கும் ஈக்வலைசர் புஷ் ஓட்டை, பட்டையின் சென்டர் போல்ட் முறிவு, இந்த நான்கையும் பாருங்கள். டயரின் உட்புறம் மட்டும் தேய்ந்தால் ஆக்சில் வளைந்திருக்கலாம், அல்லது ஹப் பேரிங்கில் ஆட்டம். இரு தோளும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே வட்டமாகத் தட்டையாகியிருந்தால் காலி வண்டியில் பிரேக் பூட்டிக்கொண்டு சக்கரம் வழுக்குகிறது.

ஜோடியில் ஒன்று வெடித்துவிட்டது. இன்னொன்றில் பாதிப் பட்டன் இருக்கிறது. அதோடு புது டயர் போடலாமா? (செங்குன்றம்)

கூடாது. அளந்து ஒத்துப்போனால் மட்டும் போடலாம்.

10.00-20 சைஸ் ஜோடியில் இரண்டு டயரின் விட்டமும் 12 மி.மீ.க்கு மேல் வேறுபடக் கூடாது. சுற்றளவில் சொன்னால் 38 மி.மீ. டேப்பைப் பட்டன் மேல் சுற்றி அளப்பது சுலபம். இரண்டிலும் ஒரே காற்று வைத்துவிட்டு, சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து அளக்க வேண்டும். இரண்டு டயரும் ஒரே ஹப்பில் பூட்டியவை, ஒரே சுற்றுதான் சுற்ற முடியும். சுற்றுக்கு 40 மி.மீ. வித்தியாசம் என்றால், இந்த சைஸ் டயர் கிலோமீட்டருக்குச் சுமார் 300 சுற்று சுற்றுவதால், கிலோமீட்டருக்கு 12 மீட்டர் தூரம் ஏதோ ஒரு டயர் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறது. பெரிய டயர் எடையை வாங்கிக்கொண்டு சூடாகும், சிறிய டயர் வழுக்கித் தேயும். இரண்டும் கெடும்.

வரம்புக்குள் சிறு வித்தியாசம் இருந்தால் பெரியதை வெளியே போடுங்கள். சாலையின் நடு உயர்ந்திருப்பதால் உள் டயருக்கு ஏற்கனவே கொஞ்சம் அதிக எடை விழுகிறது.

22 சக்கர வண்டியில், அதாவது ஹெட்டில் இரண்டு டிரைவ் ஆக்சில் இருந்தால், எட்டு டயரும் ஒத்துப்போக வேண்டும். ஒரு ஆக்சில் புதுசு, இன்னொன்று தேய்ந்தது என்று ஓட்டினால் இரு ஆக்சிலுக்கு நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் நேர் ரோட்டிலும் ஓயாமல் சுழன்று எண்ணெய் காயும். டயர் மிச்சம் பிடிக்கப் போய் கியர் செட் வாங்க வேண்டி வரும். ஒரே ஆக்சிலில் நைலானும் (நைலான் நூல் டயர்) ரேடியலும் (இரும்புப் பெல்ட் டயர்) கலக்கவே கூடாது. ஹெட்டில் ரேடியல், டிரெய்லரில் நைலான் என்பது பரவாயில்லை.

நைலானிலிருந்து ரேடியலுக்கு மாற விருப்பம். ரிம் மாற்றணுமா? பழைய டியூப் ஆகுமா? (நாமக்கல்)

10.00-20 நைலானிலிருந்து 10.00ஆர்20 ரேடியலுக்குப் போனால் ரிம் அதே ரிம்தான். ஆனால் ரேடியலில் காற்று அதிகம் வைப்பதால், விரிசல் விட்ட ரிம்மும் டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் லாக் ரிங் துருப்பிடித்துப் பொருந்தாமல் இருந்தால் அதுவும் உதவாது. டியூப் கட்டாயம் ரேடியலுக்கானது வேண்டும், ஆர் எழுத்து அச்சிட்டிருக்கும். ரேடியலின் சுவர் அதிகம் வளைந்து நிமிர்வதால் நைலான் டியூப் உள்ளே மடிப்பில் கிழியும். டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் வரும் பிளாப்பும் புதிது.

டியூப்லெஸ் என்றால் 22.5 அங்குல ஒற்றைத் துண்டு ரிம் தனியாக வாங்க வேண்டும், 295/80-க்கு 9.00 அகலம். வெளி விட்டம் ஏறத்தாழ பழையதேதான், ஸ்பீடாமீட்டர் கணக்கு மாறாது.

நெடுஞ்சாலையில் லோடு ஓட்டுகிறவருக்கு ரேடியல்தான், இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. இரும்புப் பெல்ட் பட்டனைத் தரையில் தட்டையாகப் பிடிப்பதால் சூடு குறைவு, டீசலும் மிச்சம். கல் குவாரி, கிரானைட் பாதை என்றால் நைலானுக்கு இன்னும் நியாயம் உண்டு. ரேடியலின் சுவர் மெல்லியது, கூர்க்கல் கிழித்தால் பல நேரம் டயரே வீண்.

டிரெய்லருக்கு ரீட்ரெட் (தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் ஒட்டியது) போடலாமா? (கரூர்)

தாராளமாக. 27 டன்னில் டயருக்கு 2,250 கிலோதான் வருகிறது என்பதால் ரீட்ரெட்டுக்கு டிரெய்லரே சரியான இடம். முன் சக்கரத்துக்கு வேண்டாம்.

மொட்டையாகும் வரை ஓட்டிவிட்டுப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். பட்டன் 3, 4 மி.மீ. இருக்கும்போதே கழற்ற வேண்டும். பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறி 1.6 மி.மீ., அது சட்டத்தின் கடைசி எல்லை. அதுவரை போனால் கல் குத்தி ஈரம் உள்ளே இறங்கி இரும்புக் கம்பி துருப்பிடித்திருக்கும். அதன்மேல் எவ்வளவு நல்ல ரப்பர் ஒட்டினாலும் தார் ரோட்டில் உரித்துக்கொண்டு போகும். சாலையோரம் பாம்பு போலக் கிடக்கும் பட்டைகளில் பல, ஒட்டு சரியில்லாததால் வந்தவை அல்ல. காற்றுக் குறைந்து ஓடிய கேஸிங்கால், அதாவது அடியில் இருக்கும் பழைய டயரின் உடலால் வந்தவை. எந்த டயர் காற்றில்லாமல் ஓடியது என்று சுண்ணாம்புக் கட்டியாலாவது குறித்து வைத்து, அதை ரீட்ரெட்டுக்கு அனுப்பாமல் ஒதுக்குங்கள்.

தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் பக்கம் நிறுத்தினால் டயர் காற்று 110 வைத்தது 122 காட்டுகிறது. டிரைவர்கள் காற்றை இறக்குகிறார்கள். சில சமயம் டிரம்மில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சரியா? (தருமபுரி)

இரண்டும் தவறு.

110 பி.எஸ்.ஐ. காற்று 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 12 பி.எஸ்.ஐ. கூடும். அது இயல்பு, டயர் அதற்காகவே செய்யப்பட்டது. சூட்டில் 12 இறக்கிவிட்டால், ராத்திரி குளிர்ந்ததும் 98 தான் இருக்கும். மறுநாள் லோடோடு ஓடும்போது சுவர் அதிகம் வளைந்து முன்னைவிடச் சூடாகும், திரும்பவும் இறக்குவார்கள். காற்றை எப்போதும் காலையில், வண்டி ஓடும் முன் பார்க்க வேண்டும். ஜோடியில் ஒன்று மட்டும் மற்றதைவிட மிக அதிகம் ஏறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தண்ணீர் பட்டால் சூடான டிரம் விரிசல் விடும். தள்ளி நிறுத்திக் காற்றாட விடுங்கள்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே வந்தால் டிரம்மின் சூடு ரிம் வழியாக, டயர் ரிம்மில் உட்காரும் ஓரமான பீட் பகுதிக்குப் போகும். டயரைக் கழற்றும்போது பீட் ஓரத்து ரப்பர் பளபளப்பாகக் கறுத்து, நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தால் அது வெந்த டயர். பட்டன் முக்கால் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து எக்ஸாஸ்ட் பிரேக்கில் வர வேண்டும். ஒரே சக்கரம் மட்டும் திரும்பத் திரும்பச் சூடானால் ஸ்லாக் அட்ஜஸ்டரையும் பிரேக் சேம்பரையும் பாருங்கள், அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

கம்பியால் தட்டிப் பார்த்தால் காற்று தெரியாதா? (ஓசூர்)

அடியோடு இறங்கியது தெரியும். 80-க்கும் 110-க்கும் வித்தியாசம் எந்தக் காதுக்கும் கேட்காது. உள் டயருக்கு வால்வு நீட்டிப்பு போட்டு கேஜ் வைத்துப் பாருங்கள்.

டிரெய்லரில் ஒரு லிஃப்ட் ஆக்சில். லோடில் தூக்கி ஓட்டினால் வண்டி இலகுவாகப் போகிறது என்கிறார் டிரைவர். (பெருந்துறை)

27 டன் அப்போது எட்டு டயர் மேல் நிற்கும், டயருக்கு 3,375 கிலோ. ஜோடியில் 148 போட்டிருந்தாலும் தாங்காது. காலியாக வரும்போது மட்டும் தூக்குங்கள்.

கரும்பு டிராக்டர் டிரெய்லருக்குப் பழைய லாரி டயர் போடுவது வழக்கம். பரவாயில்லையா? (விழுப்புரம்)

வேகம் குறைவு என்பதால் பட்டன் குறைந்த டயர் ஓடிவிடும். சுவரில் வெட்டு, வீக்கம், கம்பி தெரிவது இருந்தால் வேண்டாம். கரும்பு மேலே உயர்ந்து நிற்கும்போது ஒரு பக்க டயர் போனால் டிரெய்லரே சாயும். இரண்டு பக்கமும் ஒரே சைஸ், ஒரே காற்று.

டிராக்டரை மறந்துவிடுகிறார்கள். முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் மிதப்பது, பின் சக்கரம் மேட்டில் சுழல்வது, இவைதான் அங்கே கோளாறு. முன்னால் இரும்பு எடை மாட்டுங்கள். பின் டயரில் தண்ணீர் நிரப்பலாம். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, அந்த மட்டம் வரும்வரை ஊற்றினால் முக்கால் பங்கு நிறையும், மீதிக்குக் காற்று. முழுக்க நிரப்பினால் டயருக்கு அமுங்க இடம் இருக்காது.

பஞ்சர் கடையில் டிரெய்லர் டயர் காற்றடிக்கும்போது வெடித்த செய்திகள் வருகின்றன. ஏன்? (திருச்சி)

இரண்டு காரணம். 20 அங்குல ரிம்மில் லாக் ரிங் சரியாக உட்காராமல் காற்றேறினால் அது பறக்கும். வேறு ரிம்மின் ரிங்கை மாற்றிப் போடுவதும், சுத்தியலால் தட்டி உட்கார வைத்துக்கொண்டே காற்றடிப்பதும் உயிரோடு விளையாடுவது. இரண்டாவது, இரும்புக் கம்பி ரேடியலில் காற்றுக் குறைவாக ஓடியதால் சுவருக்குள் கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. திரும்பக் காற்றடிக்கும்போது சுவர் ஒரே கோடாகக் கிழியும்.

வைத்த காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, அதாவது 110-க்கு 88 அல்லது அதற்குக் கீழே ஓடிய டயரை வண்டியிலேயே வைத்துக் காற்றடிக்காதீர்கள். கழற்றி உள்பக்கம் பார்த்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்து, வால்வில் தானே பிடித்துக்கொள்ளும் கிளிப்பும் நீள ஹோஸும் போட்டு, எட்ட நின்று அடியுங்கள். அடிக்கும்போது சுவரில் படபடவென்று சத்தம் வந்தால் காற்றை நிறுத்தி, தூரத்திலிருந்தே இறக்கிவிடுங்கள். சக்கரம் மாட்டியபின் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

புது டயர் என்று கொடுத்தார்கள், பழைய ஸ்டாக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மதுரை)

சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று தனிக் கட்டத்துக்குள் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜோடிக்கு வாங்கும்போது இரண்டிலும் அந்த எண் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து.